கியர்பாக்ஸ் போய்விட்டதா? பெட்டியைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

காப்பார் வட்டாரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் 2001ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா கார் ஒன்று இருக்கிறது. 1.6 எஞ்சின், நான்கு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். வாரத்தில் மூன்று நாள் அவருடைய மனைவியைக் கிள்ளானில் உள்ள டயாலிசிஸ் மையத்துக்கு அந்தக் காரில்தான் அழைத்துச் செல்கிறார். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரச் சிகிச்சை. முடிந்து வெளியே வரும்போது அந்த அம்மாவுக்கு நடக்கத் தெம்பிருக்காது. பேருந்தில் ஏறி இறங்கும் பேச்சுக்கே இடமில்லை.

ஒரு நாள் மதியம் திரும்பும் வழியில், சிம்பாங் லீமா சந்திப்பில் பச்சை விளக்கு விழுந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தார். எஞ்சின் உறுமியது, கார் ஊர்ந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். மறுநாள் பக்கத்துப் பட்டறைக்குப் போய், “ஆட்டோ கியர் சறுக்குது தம்பி, இழுக்கவே மாட்டேங்குது” என்றார். பட்டறைக்காரர் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “அங்கிள், கியர்பாக்ஸ் போச்சு. மாத்தணும்” என்றார். சொன்ன தொகை அந்தக் காரை விற்றால் கிடைக்கும் விலையில் பாதிக்கு மேல்.

நம் நாட்டில் பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் பலருக்கு இது பழகிய காட்சி. 1993இல் அறிமுகமான வீராவின் தயாரிப்பு 2009இல் நின்றுவிட்டது. 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் அதே ஆண்டில் நின்றது. ஆனால் இரண்டும் இன்னமும் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. புதிய கார் வாங்க வசதி இல்லாதவர்களுக்கும் வங்கிக் கடனை விரும்பாத முதியவர்களுக்கும் அவைதான் கால்கள். அப்படிப்பட்டவர்களிடம் “கியர்பாக்ஸ் போச்சு” என்பது இரண்டு வார்த்தைத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு சரியாகவும் இருக்கலாம். ஆனால் விசாரணையே இல்லாமல் அது வழங்கப்படுவதுதான் சிக்கல்.

எண்ணெய்தான் அங்கே கை

மேனுவல் காரில் கிளட்சை மிதித்துக் கியரை மாற்றுவது ஓட்டுநரின் காலும் கையும். ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலை முழுவதையும் எண்ணெய் செய்கிறது. முதலில் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்ற உருண்டையான பாகம் உண்டு. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் சுழல விட்டால், அதன் காற்று பட்டு மற்றதும் மெல்லச் சுழலும் அல்லவா? கன்வெர்ட்டரிலும் அதுவேதான், காற்றுக்குப் பதில் எண்ணெய். அதனால்தான் காரை ‘டி’யில் வைத்துப் பிரேக்கை மிதித்து நின்றாலும் எஞ்சின் அணைவதில்லை.

அடுத்து ஒரு பம்ப். எஞ்சின் ஓடும்போதெல்லாம் அது எண்ணெயை அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தம் வால்வ் பாடி என்ற பலகைக்குள் போகிறது. பல்லாங்குழி போலக் குழிகளும் வாய்க்கால்களும் நிறைந்த அலுமினியப் பலகை அது. எந்த வாய்க்கால் திறக்கிறதோ அதற்குரிய கிளட்ச் தட்டுகளை எண்ணெய் இறுகப் பிடிக்கும். ஒரு ஜோடி பிடித்தால் முதல் கியர், அதை விட்டு இன்னொன்று பிடித்தால் இரண்டாவது. வாய்க்கால்களைத் திறந்து மூடுபவை சொலனாய்டு எனப்படும் சிறு மின்வால்வுகள். அவற்றுக்குக் கட்டளை போடுவது ஒரு கணினி. கார் எந்த வேகத்தில் போகிறது, ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்று சில உணரிகள் சொல்லும் தகவலை நம்பித்தான் அது கட்டளை போடுகிறது. (இன்னும் பழைய கார்களில் கணினி கிடையாது, ஒரு கேபிளும் எண்ணெய் அழுத்தமுமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.)

ஆகவே கியர் சரியாக மாறவில்லை என்றால் தட்டு தேய்ந்திருக்கலாம். எண்ணெய் குறைந்திருக்கலாம். சொலனாய்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம். உணரி பொய் சொல்லலாம். கம்பி அறுந்திருக்கலாம். இவற்றில் முதலாவது மட்டுமே பெட்டியைக் கழற்றிப் பிரித்துச் செய்ய வேண்டிய வேலை. மற்றவற்றில் பெரும்பாலானவற்றைப் பெட்டி காரிலேயே இருக்கும்போது பார்த்துவிடலாம்.

ஒரே சொல், மூன்று நோய்

காப்பார் பெரியவர் பட்டறையில் சொன்ன சொல் “சறுக்குது”. மெக்கானிக் காதில் விழுந்ததும் அதே சொல்தான். சறுக்கல் என்றால் தட்டுகள் தேய்ந்து பிடிமானம் இழப்பது. அதற்கு மருந்து பெட்டியைப் பிரிப்பது. அவர் “கார் நகரவில்லை” என்று மட்டும் சொல்லியிருந்தால் விசாரணை வேறு பக்கம் போயிருக்கக்கூடும். மருத்துவரிடம் போய் “எனக்கு மாரடைப்பு” என்று சொல்வதற்கும் “இங்கே வலிக்கிறது” என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இது.

கார் இழுக்கவில்லை என்ற உணர்வுக்குக் குறைந்தது மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்துக் காட்டும் கருவி எல்லாக் கார்களிலும் இல்லாவிட்டாலும் பலவற்றில் டேஷ்போர்டிலேயே இருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள்தான் அது.

நேரான, போக்குவரத்து இல்லாத சாலையில் சீராக ஓட்டிக்கொண்டே மெல்ல ஆக்சிலரேட்டரைக் கூட்டிப் பாருங்கள். முள் விருட்டென்று மேலே போகிறது, வேகமுள் அப்படியே நிற்கிறது என்றால் அது சறுக்கல். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறும் நொடியில் மட்டும் எஞ்சின் கத்திவிட்டு அடங்குகிறது என்றால் அதுவும் சறுக்கலின் தொடக்கமே. அந்த ஒரு ஜோடித் தட்டில் அல்லது அதற்குப் போகும் எண்ணெய் வழியில் கோளாறு. இதற்கு நேர்மாறாக, எவ்வளவு மிதித்தாலும் ஆர்பிஎம் முள்ளே ஏறவில்லை, எஞ்சின் மூச்சுத் திணறுகிறது என்றால் கியர்பெட்டியைச் சந்தேகிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக், அதன் கேபிள், எரிபொருள் வடிகட்டி, அடைத்துப்போன புகைபோக்கி ஆகியவற்றைப் பாருங்கள்.

மூன்றாவது வகைதான் பலரை ஏமாற்றுவது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கார் மந்தமாக ஊர்கிறது. 50, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் எதுவுமே நடக்காததுபோல் நன்றாக ஓடுகிறது. நெடுஞ்சாலையில் 100இல் போகும்போது எஞ்சின் வழக்கத்தைவிட அதிகமாக இரைகிறது. இது சறுக்கல் அல்ல. பெட்டி ஒரே கியரில், பெரும்பாலும் மூன்றாவதில், நின்றுவிட்டது. மேனுவல் காரில் மூன்றாவது கியரைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் எப்படி இருக்கும்? அதேதான். நகருக்குள் சோம்பல், நெடுஞ்சாலையில் நான்காவது கியர் கிடைக்காததால் இரைச்சல்.

ஏன் மூன்றாவதில் நிற்க வேண்டும்? உணரிகளிடமிருந்து வரும் தகவலில் முரண்பாடு கண்டால், கணினி தவறான கட்டளை போட்டுப் பெட்டியைக் கெடுப்பதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்று ஒதுங்கிக்கொள்ளும். மின்சாரமே இல்லாவிட்டாலும் எண்ணெய் அழுத்தத்தால் மட்டுமே கிடைக்கக்கூடிய ஒரு கியரைக் காரின் வடிவமைப்பாளர்கள் அதற்கென்று விட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கோ பட்டறைக்கோ போய்ச் சேரலாம் என்பதற்காகச் செய்த பாதுகாப்பு ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டையே நோய் என்று எண்ணிப் பெட்டியை மாற்றுகிறவர்களும் உண்டு. கம்பியில் கோளாறு இருந்தால் புதிய பெட்டி போட்ட மறுவாரமே பழைய கதை தொடங்கும்.

சிராப், தே ஓ, கோப்பி ஓ

எந்த வகைக் கோளாறாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது கியர் எண்ணெய். இதைச் செய்யக் கால்மணி நேரமும் ஒரு வெள்ளைத் துணியும் போதும். பழைய கார்களில் எஞ்சின் எண்ணெய்க்கு இருப்பது போலவே கியர் எண்ணெய்க்கும் தனி அளவுகோல் உண்டு. பார்க்கும் முறைதான் காருக்குக் கார் மாறும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். மிட்சுபிஷி வகைப் பெட்டிகளில், அதாவது வீரா போன்ற கார்களில், கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை மிதித்தபடி எல்லா நிலைகளுக்கும் லீவரை ஒருமுறை கொண்டுபோய் ‘என்’னில் வைத்துப் பார்க்க வேண்டும். டொயோட்டாவில் அதையே ‘பி’யில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய ஹோண்டாவில் சூடான எஞ்சினை அணைத்து ஓரிரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். காருடன் வந்த கையேடு இருந்தால் அதுவே இறுதித் தீர்ப்பு. எந்தக் காரானாலும் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் பானெட்டைத் திறக்க வேண்டும்.

அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். ‘டி’யில் போட்டதும் கார் சற்று நேரம் யோசித்துவிட்டு உதைத்துக்கொண்டு கிளம்பும்; வளைவில் திரும்பும்போது எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி ஒரு நொடி பிடி விடும். கூடினாலும் ஆபத்துதான். சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு அழுத்தம் கிடையாது.

பிறகு நிறம். நல்ல எண்ணெய் பால் கலக்காத ரோஜா சிராப் போலச் சிவந்து தெளிவாக இருக்கும். நாளாக ஆகத் தே ஓ நிறத்துக்கு வரும். அது மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதன் அறிகுறி. கோப்பி ஓ போலக் கறுத்து, கருகிய வாடை அடித்து, விரலில் தேய்த்தால் நறநறவென்று பொடி தட்டுப்பட்டால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. சிராப் பண்டோங் போலப் பால் கலந்த நிறம் தெரிந்தால் காரை உடனே நிறுத்துங்கள். பல கார்களில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே ஓடுகிறது. அது ஓட்டையானால் நீரும் எண்ணெயும் கலந்துவிடும். நீர் பட்ட தட்டுகளின் ஒட்டு கரைந்து உரியும். அந்தக் கட்டத்தில் ஒரு ரேடியேட்டரோடு தப்பிக்கலாம்; ஒரு வாரம் ஓட்டிவிட்டால் பெட்டியும் சேர்ந்து போகும்.

“பழைய பெட்டிக்கு எண்ணெய் மாத்தாதீங்க, மாத்தினா செத்துடும்” என்று ஒரு நம்பிக்கை எல்லாப் பட்டறைகளிலும் உலவுகிறது. அதில் பாதி உண்மை உண்டு. ஏற்கெனவே சறுக்கும் பெட்டிக்குக் கடைசி முயற்சியாக எண்ணெய் மாற்றுகிறார்கள். அது சில நாளில் நின்றுவிடுகிறது. பழி புது எண்ணெய் மேல் விழுகிறது. தேய்ந்த தட்டை எந்த எண்ணெயும் வளர்க்காது. ஆனால் சறுக்காத, எண்ணெய் மட்டும் தே ஓ நிறமான பெட்டிக்கு மாற்றாமல் விடுவதுதான் கேடு. இயந்திரம் வைத்து ஒரேயடியாக அழுத்தித் தள்ளுவதைவிட, அடித்திருகைக் கழற்றி வடிவதை மட்டும் வடியவிட்டு அதே அளவு ஊற்றுவது பழைய பெட்டிக்கு ஏற்றது. சுமார் 6 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் 3 அல்லது 4 லிட்டர்தான் அப்படி வெளியேறும். மீதி கன்வெர்ட்டரில் தங்கிவிடும். சில வாரம் ஓட்டிவிட்டு மறுபடியும் ஒருமுறை செய்யலாம். சிவப்பாக இருக்கும் எண்ணெயெல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மிட்சுபிஷி வகைக்கு ‘எஸ்பி’ வரிசை, டொயோட்டாவுக்கு ‘டி-4’, ஹோண்டாவுக்கு அதன் சொந்த எண்ணெய் என்று தட்டுகளின் பிடிமானத்துக்கு ஏற்ப வகுத்திருக்கிறார்கள். மாற்றி ஊற்றினால் உடனே எதுவும் ஆகாது. சில மாதம் கழித்து உதறல் தொடங்கும். அப்போது எதனால் என்று எவருக்கும் நினைவிருக்காது.

பெட்டிக்கு வெளியே உள்ள குற்றவாளிகள்

‘பி’யிலிருந்து ‘ஆர்’க்குத் தள்ளியதும் ‘டங்’ என்று இடிக்கிறதா? எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கலாம். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை நன்றாக மிதித்தபடி ‘டி’க்கும் ‘ஆர்’க்கும் மாற்ற, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். காருக்கு முன்னால் மட்டும் நிற்கக் கூடாது. எஞ்சின் எம்பிக் குதித்தால் விடை கிடைத்துவிட்டது. நிற்கும்போது எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாகச் சுழன்றாலும் இதே இடிதான் கிடைக்கும்.

‘டி’யில் போட்டபின் கார் பிடிக்க எவ்வளவு நேரமாகிறது என்பதும் ஒரு சாட்சி. டொயோட்டாவின் பட்டறைக் கையேடுகள் ‘என்’னிலிருந்து ‘டி’க்கு 1.2 நொடி, ‘ஆர்’க்கு 1.5 நொடி என்று எல்லை வைக்கின்றன. காலையில் முதல்முறை மட்டும் தாமதம், பிறகு சரி என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிவிட்டன என்று கொள்ளலாம். இன்னும் கொஞ்ச காலம் ஓடும். காலையில் சரி, சூடானபின் சறுக்கல் என்றால் அது மோசமான அறிகுறி. எண்ணெய் இளகியதும் அழுத்தம் போதாமல் போகிறது.

தெர்மோஸ்டாட் கதையைத் தனியே சொல்ல வேண்டும். எஞ்சின் நீர் போதிய சூட்டுக்கு வரும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் சிறு வால்வ் அது. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?” என்று அதைக் கழற்றி எறிந்துவிடுவது இங்கே பலகாலப் பழக்கம். ஆனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை கடைசிக் கியரைக் கொடுக்காதே என்று பல கார்களின் கணினிக்கு உத்தரவு இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத கார், மழை நாளில் நெடுஞ்சாலையில் சீராக ஓடினால் நீர் சூடேறவே நேரமாகும். நான்காவது கியர் வராது. கார்க்காரர் கியர்பாக்ஸ் பட்டறைக்கு ஓடுவார். குற்றம் என்றோ கழற்றி எறிந்த அந்த வால்வில் இருக்கும்.

இன்னொன்று உதறல். 60, 80 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக மிதித்துப் போகும்போது, சாலையோரக் கோடுகளின் மேல் ஓட்டுவதுபோல் கார் அதிர்கிறது. அந்த வேகத்தில்தான் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பூட்டுக் கிளட்ச் எஞ்சினையும் பெட்டியையும் நேரடியாக இணைக்கிறது. அதிரும் நேரத்தில், பின்னால் வாகனம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை விடாமலே இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டுப் பாருங்கள். பிரேக் விளக்கு எரிந்தால் பல கார்களில் அந்தப் பூட்டு விலகிவிடும். உடனே அதிர்வு நின்றால் கோளாறு அந்தக் கிளட்ச் பக்கம். பெரும்பாலும் சரியான எண்ணெய் மாற்றினாலே குறையும். நிற்காவிட்டால் பிளக் கேபிளைப் பாருங்கள். எஞ்சினின் ஒரு சிலிண்டர் தவறினாலும் கிட்டத்தட்ட இதே அதிர்வுதான்.

‘பி’யில் ஸ்டார்ட் ஆகாமல் ‘என்’னில் மட்டும் ஸ்டார்ட் ஆகும் கார்களும் உண்டு. லீவர் எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் சுவிட்ச், அல்லது லீவரின் கேபிள் நகர்ந்துவிட்டது என்று பொருள். பேட்டரி முனையில் பூத்திருக்கும் பச்சை உப்பும் கியரைக் குழப்பும். சுரண்டி எடுக்க ஐந்து நிமிடம் ஆகாது.

பானாஸா, செஜுக்கா?

காப்பார் பெரியவர் உடனே பணம் கட்டவில்லை. கட்டும் நிலையில் இல்லை என்பதே உண்மை. உறவினர் ஒருவர் சொல்லி, மேரு பக்கத்தில் ஆட்டோ கியர் மட்டுமே பார்க்கும் ஒரு சிறு பட்டறைக்குப் போனார். வயதான சீனர் ஒருவர் நடத்துவது. அவர் பானெட்டைத் திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “பானாஸா, செஜுக்கா?” என்று கேட்டார். சூடான பிறகு வருகிறதா, குளிர்ந்திருக்கும்போதா? பெரியவரிடம் பதில் இல்லை. ஒரு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பெரியவர் பேரனின் பள்ளிக் குறிப்பேட்டில் எழுதினார். எந்த நேரம், எஞ்சின் ஓடி எத்தனை நிமிடம் ஆனது, ஜாமா, ஓடும் சாலையா, ஆர்பிஎம் முள் எங்கே நின்றது. ஒரு வாரத்தில் ஒரு வடிவம் தெரிந்தது. காலையில் போகும்போது ஒருநாள்கூட வரவில்லை. மதிய ஜாமில், ஓடத் தொடங்கி இருபது நிமிடத்துக்கு மேல் ஆனபின்தான் வந்தது. வரும்போது கார் ஊர்ந்தது. ஆனால் 60ஐத் தாண்டியதும் நன்றாக ஓடியது. பெடரல் நெடுஞ்சாலையில் ஒருமுறை 100இல் போனபோது முள் வழக்கத்தைவிட ஏறக்குறைய ஆயிரம் கூடுதலாக நின்றது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: சாலையோரம் நிறுத்திச் சாவியை அணைத்து, அப்போதே திரும்பப் போட்டதும் சரியாகிவிட்டது.

அந்தச் சீனர் குறிப்பேட்டில் விரல் வைத்து நின்றது அந்த வரியில்தான். தேய்ந்த தட்டு சாவியைத் திருப்பினால் குணமாகாது. சாவியை அணைத்தால் மாறுவது கணினி மட்டுமே. அது பழையதை மறந்து, புதிதாகத் தொடங்கி, மறுபடி முரண்பாடு காணும்வரை எல்லாக் கியரையும் கொடுக்கும். அப்படியானால் கோளாறு மின்சாரத்தில்.

எண்ணெய் பார்த்தார், தே ஓ நிறம், கருகல் வாடை இல்லை. கணினியின் கோளாறுக் குறியீட்டை எடுத்தார். இன்று இணையத்தில் விற்கும் மலிவான கையடக்கக் கருவிகள் இந்த வயதுக் கார்களோடு பேசாமல் போகலாம். பழைய மிட்சுபிஷி முறை தெரிந்தவரும் அதற்குரிய கருவியும் தேவை. குறியீடு பெட்டியின் மேல்பகுதியில் உள்ள சுழற்சி உணரியைக் காட்டியது. உணரியையே மாற்றிவிடுவது சுலபம். அவர் அதற்குப் பதிலாக எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டு, சூட்டில் கம்பியில் மீட்டரை வைத்து, கம்பியை மெல்ல வளைத்துப் பார்த்தார். தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. இருபது ஆண்டுச் சூட்டில் மேலுறை இறுகி, உள்ளே செம்பு முறிந்திருந்தது. குளிர்ந்திருக்கும்போது முறிந்த முனைகள் தொட்டுக்கொண்டிருந்தன, சூட்டில் விலகின. ஒரு முழம் கம்பி, ஒரு புதிய இணைப்பு, நான்கு லிட்டர் எண்ணெய், அரைநாள் கூலி.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை

இதைப் படித்துவிட்டு எந்தப் பெட்டியும் கெடுவதே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதே பட்டறையில் அந்த வாரம் ஒரு பழைய கொரோலாவும் நின்றது. எண்ணெய் கோப்பி ஓ, எல்லா முன்கியரிலும் சறுக்கல், ‘ஆர்’ போட்டால் மட்டும் பிடிப்பு. அதற்குக் கம்பியும் குறியீடும் உதவாது. அடித்தட்டைக் கழற்றினால் காந்தத்தில் கறுப்புப் பசை கொஞ்சம் ஒட்டியிருப்பது இயல்பு. இரும்புத் துணுக்குகளும் தட்டின் உரிந்த செதில்களும் கிடந்தால் பெட்டி முடிந்தது.

அந்த நிலையில் இரண்டு வழிகள். ஒன்று, பிரித்துத் தட்டுகளும் வளையங்களும் மாற்றி ஓவர்ஹால் செய்வது. மற்றது, ஜப்பானிலிருந்து ஹாஃப் கட்டாக வரும் கார்களின் பழைய பெட்டியைக் ‘கெடாய் பொத்தோங்’கில் வாங்கிப் போடுவது. இரண்டாவது மலிவு. ஆனால் அந்தப் பெட்டி அங்கே எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது விற்பவருக்கும் தெரியாது. வாங்குமுன் அதன் எண்ணெயை முகர்ந்து பாருங்கள். பெட்டியின் குறியெண் பழையதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். உத்தரவாதம் எத்தனை நாள், கெட்டால் பெட்டி மட்டுமா, ஏற்றி இறக்கும் கூலியும் சேர்த்தா என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எதைச் செய்தாலும் பழைய ரேடியேட்டர் வழியே குளிர்விப்புக் குழாயைக் கழுவாமல் புதிய பெட்டியை இணைக்க விடாதீர்கள். பழைய பெட்டியின் துகள்கள் அங்கேதான் காத்திருக்கும்.

பிரேக்கை மிதித்துக்கொண்டு ‘டி’யில் முழுவதும் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பார்க்கும் ஒரு சோதனை உண்டு. பட்டறையில் தெரிந்தவர்கள் 5 நொடிக்குள் முடிப்பார்கள். வீட்டு வாசலில் செய்து பார்க்காதீர்கள்; எண்ணெய் கருகும், கார் பாய்ந்தாலும் பாயும். வழியில் நின்றுவிட்டால் முன்சக்கரம் இழுக்கும் ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பம்பும் ஓடாது; சக்கரம் சுழல, உள்ளே எண்ணெய் இல்லாமல் பாகங்கள் உரசும். முன்சக்கரத்தைத் தூக்கும் அல்லது முழுக் காரையும் ஏற்றும் லாரியைக் கேளுங்கள். 2010க்குப் பிறகு வந்த சிவிடி வகைக் கார்களுக்கு இங்கே சொன்னவற்றில் பல பொருந்தாது. அவற்றில் கியர்த் தட்டுகளுக்குப் பதில் பட்டையும் சக்கரங்களும், எண்ணெயும் வேறு.

காப்பார் பெரியவரின் வீரா இப்போதும் வாரம் மூன்று நாள் கிள்ளானுக்குப் போய்வருகிறது. குறிப்பேடு கையுறைப் பெட்டியில் இருக்கிறது. போன மாதம் அதில் ஒரு புதிய வரி சேர்ந்திருக்கிறது: “காலை, ஸ்டார்ட் செய்து ‘ஆர்’ போட்டதும் லேசான இடி. சூடான பிறகு இல்லை.” மவுண்டிங்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று பக்கத்திலேயே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.